விண்ணுக்குப் போன மைனா

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



2000ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசி. நான் அப்போது ஓர் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். இரண்டு நாளுக்கு முன்னர்தான், செப்டம்பர் 26ஆம் தேதி, நம் நாட்டின் 'தியோங்சாட்-1' என்ற சிறிய துணைக்கோளம் விண்ணில் ஏறியிருந்தது. நாளிதழில் வந்த படத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். படிவம் நான்கு மாணவர்களிடம் பெருமையோடு காட்டினேன். பின் வரிசையில் இருந்த ஒரு பையன் கையை உயர்த்தினான்.

"சார், இது நாம செஞ்சதா, வாங்குனதா?"

வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை, பதில் தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். இன்று இந்த அரங்கில் துணைக்கோளங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தபோது, அந்தப் பையனுக்குத் தர வேண்டிய பதிலையே உரையாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கால் நூற்றாண்டு தாமதம்தான். மன்னிக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மலேசியாவின் முதல் துணைக்கோளம் மீசாட் அல்லவா என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். மீசாட்-1 1996ஆம் ஆண்டு ஜனவரியிலேயே தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து மேலே போனது. அந்த ஆண்டிலிருந்துதான் நம் வீட்டுக் கூரைகளில் வட்டத் தட்டுகள் முளைத்தன. ஆனால் அது அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. கார் வாங்குவதுபோல் விலை கொடுத்து வாங்கினோம், ஓட்டினோம், பயன் கண்டோம். அதில் குறை ஒன்றும் இல்லை.

தியோங்சாட் வேறு சாதி. எடை ஏறக்குறைய 50 கிலோ, ஒரு மூட்டை சிமெண்டு அளவு. ஓட்டல் அறைகளில் சின்னதாகக் குளிர்பதனப் பெட்டி வைத்திருப்பார்களே, அதைவிடப் பெரிதல்ல. அதைக் கொண்டு தொலைக்காட்சி ஒளிபரப்ப முடியாது. அதன் கேமராக்களில் கூர்மையானதுகூடத் தரையில் 80 மீட்டர் அளவுள்ள பொருளைத்தான் ஒரு புள்ளியாகக் காட்டும். உங்கள் வீட்டை அதில் தேட வேண்டாம். விண்வெளிக் கதிர்த்துகள்களை அளக்கும் கருவி ஒன்றும், செய்தியை வாங்கி வைத்திருந்து உலகின் வேறு மூலையில் இறக்கிவிடும் வானொலி அஞ்சல் பெட்டி ஒன்றும் இருந்தன. அவ்வளவுதான். அதை எதற்கு அனுப்பினோம்? கற்றுக்கொள்ள அனுப்பினோம். விண்வெளியில் என்ன வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று சோதித்துப் பார்க்கும் பரிசோதனைத் துணைக்கோளம் அது.

தரையிலேயே சோதிக்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு முடியும். பெட்டிக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துச் சூடாக்கிக் குளிர்வித்துப் பார்ப்பார்கள். அதிர வைப்பார்கள். ஆனால் 650 கிலோமீட்டர் உயரத்தில் நிலைமையே வேறு. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் உலகை ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதற்குள் ஒரு கொளுத்தும் வெயில், ஓர் உறைபனி இருட்டு. கதிர்த்துகள் ஒன்று கணினியின் நினைவுச் சில்லில் பட்டால் அங்கே எழுதியிருந்த 0 என்பது 1 ஆகிவிடும். துணைக்கோளத்துக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகும். போய்த் திருகாணியை முடுக்க மெக்கானிக் கிடையாது. ஒரு தரை நிலையத்தின் தலைக்கு மேல் அது கடந்து போகும் சுமார் பத்து நிமிடம்தான் பேச்சுவார்த்தை. மற்ற நேரம் அது தனி ஆள்.

இந்தக் கல்விக்குப் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? இங்கிலாந்தில், கில்ட்போர்டு என்ற ஊரில், சரே பல்கலைக்கழகத்தில். கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1970களின் கடைசியில் மார்ட்டின் சுவீட்டிங் என்ற ஆய்வு மாணவர் அங்கே இருந்தார். வானொலி ஆர்வலர், வீட்டில் ஏரியல் கட்டி உலகின் மறுமுனையோடு பேசும் வகையினர். துணைக்கோளம் என்றால் அரசாங்கமும் இராணுவமும் கோடிக்கணக்கில் கொட்டிச் செய்வது, ஒவ்வோர் உறுப்பையும் விண்வெளிக்கென்றே தனியாகத் தயாரிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய விதி. சுவீட்டிங்கும் நண்பர்களும், கடைகளில் விற்கும் சாதாரண மின்னணு உறுப்புகளையும் சிறு கணினிச் சில்லுகளையும் வைத்தே ஒன்று கட்டினால் என்ன என்று நினைத்தார்கள். மின்சுற்றுப் பலகைகளைச் சமையலறை மேசையில் கையால் வரைந்தார்கள். அமெரிக்க நாசா நிறுவனம் தன் ராக்கெட்டில் இலவசமாக இடம் கொடுத்தது. 1981ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி 'யூஓசாட்-1' மேலே போனது. அதுவும் 50 கிலோ சுமார்தான். தரையிலிருந்து கட்டளை அனுப்பி அதன் கணினியின் நிரலை மாற்றி எழுத முடியும். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். பேசும் கருவி ஒன்றையும் வைத்திருந்தார்கள். தன் வெப்பம் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று அது ஆங்கிலத்தில் எண்களை வாயால் சொல்லும். சாதாரண வானொலிப் பெட்டி இருந்தால் பள்ளிப் பிள்ளைகளும் கேட்கலாம்.

ஆறு மாதம் கழித்து வந்தது வினை. 1982 ஏப்ரலில் மென்பொருள் பிழை ஒன்றால் அதன் இரண்டு ஒலிபரப்பிகளும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கின. அந்த இரைச்சலில் அதன் சொந்த வாங்கியே செவிடாகிவிட்டது. தானே கத்திக்கொண்டிருப்பவனுக்கு மற்றவர் கூப்பிடுவது எப்படிக் காதில் விழும்? 'நிறுத்து' என்று கீழிருந்து எத்தனை முறை கட்டளை அனுப்பினாலும் போய்ச் சேரவில்லை. மாதங்கள் ஓடின. கடைசியில் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு அருகே இருந்த 46 மீட்டர் அகலமுள்ள பெரிய தட்டு ஏரியலை இரவல் கேட்டு, அதன் வழியாக மிகுந்த வலுவோடு கட்டளையை அனுப்பினார்கள். செப்டம்பரில் அது கேட்டது, நின்றது. பிறகு 1989 அக்டோபரில் வளிமண்டலத்தில் விழுந்து எரியும்வரை, எதிர்பார்த்த இரண்டு ஆண்டுக்குப் பதில் எட்டு ஆண்டு உழைத்தது.

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், ஐந்து மாதம் செவிடாகக் கிடந்த அந்தத் துணைக்கோளம் ஒழுங்காக ஓடியிருந்தால் கற்றுக் கொடுத்திருக்க முடியாததைக் கற்றுக் கொடுத்தது. அடுத்த முறை என்ன செய்யக்கூடாது என்று அந்தக் குழுவுக்கு எலும்பில் பதிந்துவிட்டது. அடுத்த முறையும் சீக்கிரமே வந்தது. நாசாவிடமிருந்து இன்னொரு ராக்கெட்டில் இடம் இருப்பதாகத் தகவல் வந்தபோது கையில் ஆறு மாதம்தான் இருந்தது. அதற்குள் யூஓசாட்-2ஐக் கட்டி முடித்து 1984 மார்ச் 1ஆம் தேதி அனுப்பினார்கள். கை சூடாக இருந்தது, அதனால் முடிந்தது. நினைவுச் சில்லுகளில் எழுத்து மாறும் கோளாறு, தென் அட்லாண்டிக் கடலுக்கு மேல் பறக்கும்போதுதான் அதிகம் நடக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டியவையும் இந்தச் சரே துணைக்கோளங்களே. அந்த இடத்தில் பூமியின் காந்தக் கவசம் மெலிந்திருக்கிறது. நம் தியோங்சாட்டில் இருந்த கதிர்த்துகள் கருவியின் பாட்டன் அங்கேதான் இருக்கிறான்.

1985இல் பல்கலைக்கழகம் இதை ஒரு சிறு நிறுவனமாக்கியது. முதலீடு 100 பவுன், ஊழியர்கள் நால்வர். பணத்துக்கு என்ன வழி? அவர்கள் கண்டுபிடித்த வழிதான் நமக்கு முக்கியம். துணைக்கோளத்தை விற்பதோடு நிற்காமல், அதைக் கட்டும் கல்வியையும் சேர்த்து விற்றார்கள். பணம் கொடுக்கும் நாடு தன் இளம் பொறியாளர்களை கில்ட்போர்டுக்கு அனுப்பலாம். சரே ஆட்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தங்கள் நாட்டுக்கான துணைக்கோளத்தைத் தாங்களே பூட்டலாம். கொரியா வந்தது. போர்த்துகல், சிலி, தாய்லாந்து வந்தன. சிலியின் முதல் கோளத்துக்கு நேர்ந்த கதி பரிதாபமானது: 1995இல் அது சவாரி செய்த பெரிய துணைக்கோளத்திலிருந்து பிரியவே இல்லை. முதுகில் ஒட்டிக்கொண்டே சுற்றியது. சிலி மறுபடி ஒன்று கட்டி 1998இல் அனுப்பியது.

கொரியாவின் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முன்னர் தகவல்தொடர்பு அமைச்சராக இருந்த சோய் சூன்-டால் என்ற பேராசிரியர், 1989இல் கைஸ்ட் உயர்கல்விக் கழகத்தில் துணைக்கோள ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு தம் மாணவர்களைச் சரேக்கு அனுப்பினார். பட்டம் வாங்கிய கையோடு புறப்பட்ட பிள்ளைகள். துணைக்கோளத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள். அவர்கள் கட்டிய கோளம் 1992 ஆகஸ்டில் விண்ணேறியது. 'உரிப்யோல்' என்று பெயர் வைத்தார்கள். 'நம் நட்சத்திரம்' என்று பொருள். நாடு கொண்டாடியது. கூடவே ஒரு கேலியும் கிளம்பியது: இங்கிலாந்தில் கட்டியது, இங்கிலாந்துக்காரன் வரைபடம், இது நம் நட்சத்திரமா, 'பிறர் நட்சத்திரம்' என்று சொல்லுங்கள்!

என் வகுப்பில் பையன் கேட்டானே, அதே கேள்வி. ஒரு நாடே கேட்டது.

அந்த மாணவர்கள் என்ன செய்தார்கள்? அறிக்கை விடவில்லை. ஊர் திரும்பினார்கள். முதலாவது பறந்த பதின்மூன்றே மாதத்தில் இரண்டாவதைக் கொரியாவிலேயே கட்டி, இயன்ற இடங்களில் தங்கள் நாட்டு உறுப்புகளைப் பொருத்தி, 1993 செப்டம்பர் 26ஆம் தேதி விண்ணில் ஏற்றிவிட்டார்கள். தேதியைக் கவனித்தீர்களா? சரியாக ஏழு ஆண்டு கழித்து அதே தேதியில்தான் நம் தியோங்சாட் புறப்பட்டது. மூன்றாவதை முழுக்கத் தங்கள் சொந்த வடிவமைப்பில் செய்தார்கள். அது 1999 மே மாதம் சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. இந்தியா வெளிநாட்டுத் துணைக்கோளங்களை ஏற்றிச் சென்ற முதல் பயணமே அதுதான். பிறகு அந்தக் குழுவில் பலர் வெளியேறி, புது நூற்றாண்டு பிறக்கும் வேளையில் 'சாட்ரெக் இனிஷியேட்டிவ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

இனி நம் மைனா. தியோங் என்றால் மலாயில் மைனா, பழந்தமிழில் நாகணவாய்ப்புள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதில் கெட்டிக்காரப் பறவை. பெயர் வைத்தவர்கள் அதை நினைத்து வைத்தார்களா தெரியாது. எனக்கென்னவோ பொருத்தமாகவே படுகிறது. கற்றுக்கொள்பவர் முதலில் திருப்பிச் சொல்லத்தானே வேண்டும்.

நம் நாட்டில் இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர்களில் முதன்மையானவர் வானியற்பியல் பேராசிரியர் டத்தோ மஸ்லான் ஒத்மான். கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்தை உருவாக்கியவர். பின்னாளில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் விண்வெளி அலுவலகத்துக்குத் தலைமை தாங்கியவர். 1995இல் அஸ்ட்ரோநாட்டிக் டெக்னாலஜி என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, நம் இளம் பொறியாளர்கள் சரேக்குப் போனார்கள். இடையில் 1997இன் பொருளாதார நெருக்கடி. ரிங்கிட் சரிந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பெற்றோர் திரும்ப அழைத்த காலம். அதையும் தாண்டி இந்தத் திட்டம் நடந்து முடிந்தது.

ஏவியது கஸகஸ்தானின் பைக்கானூர் தளத்திலிருந்து. ராக்கெட்டின் பெயர் தினெப்பர். சோவியத் காலத்தில் அணுகுண்டு சுமக்கச் செய்த ஏவுகணை அது. மேற்கு நாட்டுப் படையினர் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'சாத்தான்'. ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தின்படி அழிக்க வேண்டியவற்றில் சிலவற்றைக் குண்டுக்குப் பதில் துணைக்கோளம் ஏற்றி அனுப்பினார்கள். நிலத்தடிக் குழாயிலிருந்து அழுத்த வாயு அதை வெளியே தள்ளும்; அந்தரத்தில்தான் எந்திரம் பற்றிக்கொள்ளும். இத்தாலியின் இரண்டு, சவூதியின் இரண்டு, நம்முடையது ஒன்று என ஐந்து சிறு கோளங்கள். சாத்தானின் தோளில் மைனா போனது என்று அப்போது நான் மாணவர்களிடம் சொன்னது மட்டும் எடுபட்டது.

மைனா வேலை செய்தது. படங்கள் அனுப்பியது. உலகின் வானொலி ஆர்வலர்கள் அதற்குத் தங்கள் வரிசையில் 46ஆம் எண்ணும், மலேசியாவைக் குறிக்கும் எழுத்தும் கொடுத்தார்கள். நம் பொறியாளர்கள் தரையிலிருந்து அதை இயக்கினார்கள். பரிசோதனைத் துணைக்கோளம் ஒன்றிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியதை அது கொடுத்துவிட்டது.

ஆனால் நேயர்களே, கொரியர்களுக்குப் பதின்மூன்று மாதம். நமக்கு எவ்வளவு? 2000 செப்டம்பரிலிருந்து 2009 ஜூலைவரை. ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

நம் கவனம் அந்த இடைவெளியில் எங்கே இருந்தது என்று பார்த்தால், 2007 அக்டோபரில் நம் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். சுகோய் போர் விமானங்கள் வாங்கியதோடு சேர்ந்து வந்த வாய்ப்பு அது. நாடே கைதட்டியது. நானும் தட்டினேன். தியோங்சாட்டைப் பூட்டிய பொறியாளர்களில் ஒருவர் பெயரையாவது இந்த அரங்கில் யாராலும் சொல்ல முடியுமா? என்னாலும் முடியாது. ஒருவர் மேலே போய் வந்தால் படம் எடுக்கலாம். பத்துப் பேர் மேசையில் குனிந்து பற்றுவைப்பதை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

அடுத்த கோளம் ரசாக்சாட். எண்ணத்தில் தவறே சொல்ல முடியாது. நாம் பூமத்திய ரேகைக்காரர்கள். வடக்கு தெற்காகச் சுற்றும் வழக்கமான படக் கோளங்கள் நம் தலைக்கு மேல் வருவது எப்போதோ ஒருமுறை. வந்த நேரம் பார்த்து மேகம் மூடியிருக்கும். பூமத்திய ரேகையை ஒட்டியே ஒரு கோளம் கிழக்கு நோக்கிச் சுற்றினால் ஒரு நாளில் பதினான்கு முறை போல வரும். ஏதாவது ஒரு நேரம் மேகம் விலகியிருக்காதா? அப்படித்தான் 685 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பாதையைத் தேர்ந்தார்கள். எடை 180 கிலோ. கேமரா தரையில் 2.5 மீட்டர் அளவைப் பிரித்துக் காட்டும். தியோங்சாட்டின் 80 மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு பெரிய தாவல்!

அதைக் கட்ட நமக்குத் துணை நின்றவர்கள் யார்? சாட்ரெக் இனிஷியேட்டிவ். சரே பட்டறையில் நமக்குச் சில ஆண்டு முன்னால் உட்கார்ந்திருந்த அதே கொரிய மாணவர்கள். ஒரே வாத்தியாரிடம் படித்தவர்களில் மூத்தவர் ஆசிரியராகிவிட்டார். இளையவர் மறுபடி மாணவராகப் போனார்.

ஏற்றிச் சென்ற ராக்கெட்டைப் பற்றி ஒரு சேதி. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த ஒமேலெக் என்ற சிறு தீவு. அங்கிருந்து ஓர் அமெரிக்க நிறுவனம் பால்கன்-1 என்ற ராக்கெட்டை ஏவிப் பார்த்து மூன்று முறை தோற்றிருந்தது. நான்காவது முறை, 2008 செப்டம்பரில், வெறும் எடைக்கட்டி ஒன்றை வைத்து அனுப்பி வென்றது. ஐந்தாவது முறை, 2009 ஜூலை 14ஆம் தேதி, நம் ரசாக்சாட். அந்த நிறுவனம் சுற்றுப்பாதையில் சேர்த்த முதல் வாடிக்கையாளர் துணைக்கோளம் அதுதான். நிறுவனத்தின் பெயர் ஸ்பேஸ்எக்ஸ். ஆம், இன்று உலகமே பேசும் அதே நிறுவனம். அதன் முதல் பயணி மலேசியர் என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

ரசாக்சாட் நெடுநாள் வாழவில்லை. ஓராண்டு போல இயங்கி, 2010இல் தொடர்பு அறுந்தது. 140 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் செலவானதைத் தேசியக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. காப்பிக் கடைகளில் பேச்சு கிளம்பியது. காசைக் கரியாக்கிவிட்டார்கள் என்றார்கள். இந்த அரங்கு தொடங்குமுன் ஒரு பெரியவர் என்னிடம் அதையேதான் சொன்னார். "ஐயா, அந்தப் பணத்தில் எத்தனை தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் எழுப்பியிருக்கலாம்" என்றார். அவர் கேட்டது நியாயம். நானும் ஒழுகும் கூரைக்கடியில் பாடம் நடத்தியவன்தான்.

ஆனாலும் ஐயா, கோளம் கெட்டுப்போனது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. யூஓசாட் ஐந்து மாதம் செவிடாய்க் கிடந்தது. சிலியின் முதல் கோளம் பிரியவே இல்லை. ஸ்பேஸ்எக்ஸ் மூன்று ராக்கெட்டைக் கடலில் போட்டது. பரிசோதனை என்று பெயர் வைத்துவிட்டுத் தோல்வி வரக்கூடாது என்றால் எப்படி? தோற்றதிலிருந்து கற்றவர் அடுத்த மேசைக்கு உடனே போய் உட்கார வேண்டும். பணம் வீணானதா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகிறது. ரசாக்சாட்டுக்குப் பிறகு, அதே வழியில் அதைவிடப் பெரிதாக நாம் கட்டிய இன்னொன்று மேலே போகவில்லை.

இதற்கு நேர் எதிர் உதாரணம் ஒன்று உண்டு. ரசாக்சாட் ஏறிய இரண்டு வாரத்தில், 2009 ஜூலை 29ஆம் தேதி, துபாய்சாட்-1 ஏறியது. ஐக்கிய அரபு சிற்றரசுகளின் கோளம். கட்ட உதவியது அதே சாட்ரெக். அந்தக் கணக்கில் நாமும் அவர்களும் ஒரே வகுப்புத் தோழர்கள். சொல்லப்போனால் தியோங்சாட் அனுபவத்தால் நாம் ஒரு படி மேலே இருந்தோம். 2013இல் அவர்கள் துபாய்சாட்-2 அனுப்பினார்கள். அதில் அவர்கள் நாட்டுப் பொறியாளர்களின் பங்கு கூடியது. 2018இல் கலிபாசாட்டைத் துபாயிலேயே தங்கள் ஆட்களை வைத்துக் கட்டி முடித்தார்கள். 2021 பிப்ரவரியில் அவர்களின் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தைச் சுற்றத் தொடங்கியது. எண்ணெய்ப் பணம் இருக்கிறது என்பீர்கள். நம்மிடமும் எண்ணெய் இருந்தது. அவர்கள் இடையில் விடவில்லை.

பக்கத்து வீட்டுச் சிங்கப்பூர் அவசரமும் படவில்லை, விடவும் இல்லை. 1999 ஏப்ரலில் சரேயின் யூஓசாட்-12இல் 'மெர்லயன்' என்ற தொலைத்தொடர்புக் கருவியை வைத்து அனுப்பியது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். முழுக் கோளமல்ல, ஒரு கருவி மட்டும். அவர்களே கட்டிய 'எக்ஸ்-சாட்' ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது 2011 ஏப்ரல் 20ஆம் தேதி. பன்னிரண்டு ஆண்டு! நம் ஒன்பதைவிட நீண்ட இடைவெளி. அப்படியென்றால் என் வாதம் தோற்றுவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். அங்கே வேலை ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இருந்தது. ஆண்டுதோறும் புது மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். பேராசிரியர்களும் பட்டறையும் அங்கேயே இருந்தார்கள். ஆகவே கோளம் பறக்காவிட்டாலும் கை நிற்கவில்லை. பிறகு 2013, 2014 என்று சின்னச் சின்னக் கோளங்கள். 2015 டிசம்பர் 16ஆம் தேதி ஒரே பிஎஸ்எல்வியில் ஆறு சிங்கப்பூர்க் கோளங்கள். எண்ண வேண்டியது ஆண்டுகளை மட்டுமல்ல என்று இதிலிருந்து நான் திருத்திக்கொண்டேன்.

கேள்வி கேட்ட அந்தப் பையனைச் சில ஆண்டுக்கு முன்னர் ஒரு திருமண விருந்தில் சந்தித்தேன். இப்போது பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறான். தியோங்சாட் அவனுக்கு நினைவிருந்தது. தான் கேட்டது நினைவில்லை. இடைவெளிக் கதையை அவனிடம் சொன்னேன். "சார், எங்க வேலையிலயும் அப்படித்தான். ஒரு லைனை நிறுத்திட்டு ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி ஓட்டறது, புதுசா தொடங்கறதவிட கஷ்டம். மெஷின் இருக்கும், குறிப்பு இருக்கும், செஞ்ச ஆளு இருக்க மாட்டாரு" என்றான். என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

நம் நாட்டில் இப்போது ஒன்றுமே இல்லை என்று நினைத்து யாரும் எழுந்து போக வேண்டாம். 2018 ஜூன் 29ஆம் தேதி மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யுஐடிஎம்சாட்-1, ஸ்பேஸ்எக்ஸின் பால்கன்-9 ராக்கெட்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது. ஆகஸ்ட் 10ஆம் தேதி அங்கிருந்து வெளியே விடப்பட்டது. பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டி. கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில், பிலிப்பீன்ஸ், பூட்டான் நாட்டு மாணவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து நம் மாணவர்கள் அதைக் கட்டினார்கள். அந்த மூன்றில் ஒன்று பூட்டானின் முதல் துணைக்கோளம். வானொலி ஆர்வலர்கள் கேட்கும்படியான கருவியும் அதில் உண்டு. கில்ட்போர்டில் சமையலறை மேசையில் தொடங்கிய அதே வேலைதான். அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு மலேசியச் சிறு கோளமான இன்னோசாட்-2 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறியது.

என் பையனின் கேள்விக்குப் பதில் இதுதான்: தியோங்சாட்டை நாம் வாங்கவும் இல்லை, முழுக்க நாமே செய்யவும் இல்லை. செய்யக் கற்றுக்கொண்டோம். கற்ற பிள்ளைகளில் இன்று எத்தனை பேர் துணைக்கோள வேலையில் இருக்கிறார்கள் என்பதை, இந்த அரங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது அறிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.